பெடலை விட்டு இறங்காத கால்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மில் பலர் மேலோட்டமாகக் கேள்விப்பட்டிருப்போம். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை நாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். சங்கம் வைக்க விட வேண்டும். இவற்றுக்கு நடுவே இன்னொன்றும் இருக்கிறது. துரைமார் எதிரே வந்தாலும் கிராணிமார் எதிரே வந்தாலும், சைக்கிளில் போகும் தொழிலாளி கீழே இறங்க வேண்டியதில்லை என்று ஆக்க வேண்டும்.

கூலிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இதைக் கொடுப்பதற்குத் தோட்டத்துக்கு ஒரு காசு செலவில்லை. கூலியைப் போல லண்டனுக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட ஒன்றைக் கூட வேலைநிறுத்தம் பண்ணித்தான் கேட்க வேண்டியிருந்தது.

நான் இதைத் தேடிப் படித்ததற்கு உண்மையான காரணம் ஒரு ஜோடி பெடல். தெமியாங், செரம்பான் நகரத்தை ஒட்டிய இடம். மலாயில் தெமியாங் என்பது ஒரு வகை மூங்கிலின் பெயர். செரம்பானைச் சுற்றி எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் மிதித்தாலும் ஏதாவது ஒரு பழைய தோட்டத்தில் போய் முட்டுவோம். கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. ஆனால் செம்மண் பாதைகள் பல அப்படியேதான் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தப் பாதைகளில் மலைச் சைக்கிள் ஓட்டும் ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் ஒருவன். கூட்டத்தில் ஓயாத ஒரு வாக்குவாதம் உண்டு. பெடல் கிளிப்லெஸ்ஸா, ஃபிளாட்டா?

சைக்கிள் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். ஃபிளாட் என்பது நாம் எல்லாரும் அறிந்த தட்டைப் பெடல். காலை வைக்கலாம், எடுக்கலாம், அவ்வளவுதான். கிளிப்லெஸ் என்பது காலணியின் அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டைத் திருகி, அதைப் பெடலில் இருக்கும் ஸ்பிரிங் கவ்விக்குள் 'டக்'கென்று மாட்டிக்கொள்வது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். காலைக் கவ்வுகிற பெடலுக்குப் பெயர் கிளிப் இல்லாத பெடல் என்பது வேடிக்கைதான். முன்பு பந்தயக்காரர்கள் கால் விரல்களை ஒரு கம்பிக் கூண்டுக்குள் நுழைத்துத் தோல் வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கூண்டின் பெயர்தான் கிளிப். அது இல்லாமல் போனதால் இது கிளிப்லெஸ்.

ஆக, வாக்குவாதத்தின் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். சைக்கிளில் இருந்து கால் எப்போது, எவ்வளவு சுலபமாகத் தரைக்கு வர வேண்டும்? இதே பாதைகளில் எண்பது வருஷத்துக்கும் முன்னால் அந்தக் கேள்விக்கு வேறொருவர் பதில் வைத்திருந்தார். சைக்கிள் ஓட்டியவனுக்கு அதில் கருத்துச் சொல்ல இடமில்லை.

சைக்கிளும் தோட்டமும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு கிடையாது. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அடுத்த பத்து வருஷத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் வெறி பிடித்தது. மோட்டார் கார் வந்துதான் ரப்பருக்குப் பசி வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் பசி சைக்கிளுடையது, கார் பிற்பாடு வந்து இலையில் உட்கார்ந்தது. டன்லப் உருவாக்கிய டயர் வெளிவந்த அதே 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார் ஹென்றி ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைச் சோதித்து, தோட்டக்காரர்களை விடாமல் நச்சரித்தவர் அவர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் நட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தோடு நாமும் நடப்பட்டோம்.

டன்லப் கம்பெனியே பிறகு மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது. நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் லாடாங் கெடிஸ் என்று ஒரு தோட்டம் உண்டு. 1922 முதல் 1937 வரை டன்லப்பின் தலைவராக இருந்த எரிக் கெடிஸின் பெயர்தான் அது. இங்கே மங்கில் வடிந்த பால் ஷீட்டாகிக் கப்பலேறி, பர்மிங்ஹாமில் டயரும் டியூபுமாகி, இங்கிலீஷ் சைக்கிளின் சக்கரத்தில் ஏறி, செரம்பான் கடைக்கே திரும்பி வந்தது. அந்தக் காலத்துச் சைக்கிளின் பெடலையும் பாருங்கள், இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் கட்டைகள். பால் வெட்டுகிறவன் ரப்பர் மேல் வெறுங்காலை வைத்துத்தான் மிதித்தான்.

தோட்டத்தில் சைக்கிள் என்பது சாதாரணப் பொருளாக இருந்ததில்லை. பெரட்டுக்களத்தில் நிற்பது, கங்காணி பேர் கூப்பிடுவது, நிறைக்கு நடப்பது, ஸ்டோருக்குப் பால் கொண்டு போவது என்று எல்லாமே கால்நடையாக இருந்த ஒரு வாழ்க்கையில், சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருப்பவன் தோட்டத்துக்கு வெளியே போய்விட்டு வரக்கூடியவன். பக்கத்துத் தோட்டத்துச் செய்தி அவனுக்குத் தெரியும். பட்டணத்துப் பத்திரிகை அவன் கையில் இருக்கும். இன்னொன்று, சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனின் தலை நடந்து வருகிறவனின் தலையைவிட உயரத்தில் இருக்கும். துரை நடந்து வரும்போது கூலி உயரத்தில் இருந்தால் எப்படி?

அதனால் இறங்க வேண்டும். இதை ஒரு வணக்கம் மாதிரி, தொப்பியைக் கழற்றுவது மாதிரி நினைக்கிறவர்கள் செம்மண் மேட்டில் சைக்கிள் மிதித்திருக்க மாட்டார்கள். ஏற்றத்தின் நடுவில் ஒரு முறை இறங்கிவிட்டால் அதே இடத்தில் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. அதுவரை சேர்த்த வேகம் போச்சு. மேடு முடியும் வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். துரை கடந்து போக ஒரு சில நொடிதான் ஆகும், தொழிலாளி அதற்காக ஒரு மேடு முழுக்கத் தள்ளணும்.

கோரிக்கையில் கிராணிமார் பெயரும் இருப்பதை நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வெள்ளைக்காரனை வில்லனாக்குவது நமக்குப் பழக்கப்பட்ட வேலை. ஆனால் தோட்டத்து ஆபீஸில் உட்கார்ந்திருந்த கிராணி அநேகமாக யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்தார். நம் பாஷை பேசுகிறவர், நம் சாமியைக் கும்பிடுகிறவர். அவர் எதிரே வந்தாலும் இறங்கணும். ஊரில் மேல்சாதித் தெருவுக்குள் தலித் மக்கள் செருப்புப் போடக் கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. தமிழ்நாட்டில் சில கிராமங்களில் அது இந்த நூற்றாண்டிலும் இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆகவே தோட்டத்துச் சட்டத்தைத் துரை தனியாக யோசித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை என்பது என் ஊகம். இறங்கிப் பழகிய ஒரு ஜனம் கப்பலில் வந்து இறங்கியிருந்தது, அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

இறங்க மாட்டேன் என்ற எண்ணமும் ஒரே நாளில் வந்ததல்ல. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். சுயமரியாதை என்ற சொல் அந்தச் சுற்றுப்பயணத்தோடு இங்கே பலமாக வேர் பிடித்தது. 1937இல் நேரு வந்து போனார். 1938இல் இந்திய அரசாங்கம், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் கூலிகளின் பயணத்தை நிறுத்தியது. அதாவது, இவன் போனால் கப்பலில் இன்னொருவன் வருவான் என்று தோட்டம் மிரட்ட முடியாமல் போயிற்று. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி ரப்பருக்குத் தேவையும் ஏறியது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் 1941 ஏன் 1941இல் நடந்தது என்பது புரியும்.

கிள்ளானில் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர். தொழிலாளர்கள் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள் என்பதே தோட்ட முதலாளிகளுக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. கூலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், மற்றதில் பிடிவாதமாக நின்றார்கள். மே 5ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கைதானதும் வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை. இந்தியச் சிப்பாய்களையே கொண்டு வந்து இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். இந்தப் போராட்டத்தைப் பற்றி எச்.இ. வில்சன் எழுதிய சின்னப் புத்தகம் 1981இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. நம் பிள்ளைகளின் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்தச் சைக்கிள் கோரிக்கைக்கு ஒரு வரியாவது இடம் கொடுத்திருக்கலாம்.

ஏழு மாதம் கழித்து சைக்கிள்கள் வந்தன. இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் ரொம்ப ஜோடனையாக இருக்கிறது என்று நானே சொல்லியிருப்பேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதி படையெடுப்பைத் தொடங்கிய ஜப்பானியப் படை, தீபகற்பத்தின் நல்ல தார்ச் சாலைகளில் சைக்கிளில் தெற்கே வந்தது. ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் இருந்ததாக, அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான கர்னல் சுஜி மசனோபு பிறகு எழுதினார். வெயிலில் டயர் வெடித்துப் போனால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கிப் படை வருகிறது என்று எதிர்த்தரப்பு பயந்ததாகவும் அவர் எழுதுகிறார். யாருடைய சைக்கிளைப் பார்த்தாலும் இறங்கச் சொன்ன துரைமார் கார்களில் சிங்கப்பூருக்கு ஓடினார்கள்.

எங்கள் மாநிலத்திலேயே இதில் ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. செரம்பானில் இருந்து தம்பின் வழியாகக் கிமாஸ் போகும் சாலையில், கெமஞ்சே தாண்டி ஒரு சின்ன ஆற்றுப் பாலம். 1942 ஜனவரி 14ஆம் தேதி மாலை ஆஸ்திரேலியாவின் 2/30ஆவது பட்டாலியன் அங்கே பதுங்கியிருந்தது. ஜப்பானியச் சிப்பாய்கள் வரிசைக்கு ஐந்தாறு பேராக, பேசிச் சிரித்துக்கொண்டு சைக்கிளில் வந்தார்கள். சில நூறு பேரைப் பாலம் கடக்க விட்டுவிட்டு, பாலத்தில் ஆள் நிறைந்திருந்தபோது அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சூடு. திருப்பிச் சுட அவர்களால் முடியவில்லை, ஏனென்றால் பெரும்பாலானவர்களின் துப்பாக்கி சைக்கிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டை அவிழ்க்க எடுக்கும் ஒரு சில நொடி அவர்களிடம் இல்லை. கிளிப்லெஸ் பெடலைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு ஏனோ இந்தப் பாலம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்தச் சைக்கிள்கள் நம்மை விடுவிக்க வரவில்லை. அடுத்த வருஷமே நம் ஆட்களைத் தோட்டம் தோட்டமாக அள்ளிக்கொண்டு போய்ச் சயாம் மரண ரயில்பாதையில் போட்டார்கள். யுத்தம் முடிந்து, 1948இல் அவசர காலம் வந்தபோது, தோட்ட வாசலில் மறுபடி இறங்க வேண்டியிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்று சைக்கிள் பம்பைக் கூடக் கழற்றிப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் சைக்கிள் தொழிலாளியின் வேலைக்கருவியானது. என் தாத்தாவின் சைக்கிளை நான் துருப்பிடித்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். பின்னால் கனமான இரும்புக் கேரியர், இரண்டு பக்கமும் பால் டின் மாட்டும் கொக்கி. முந்நூறு, நானூறு மரம் வெட்டுகிற ஒரு நிறையில் நூறு தடவை நின்று நின்று போகிறவனுக்குப் பெடல் காலை விடாமல் பிடித்துக்கொண்டால் வேலை நடக்காது. டின்னில் பால் தளும்பும், சைக்கிள் ஒரு பக்கம் சாயும், உடனே கால் தரைக்கு வரணும். கொட்டிப் போனால் அந்த நாள் கூலி மண்ணில்.

அந்தக் காலோடு சேர்ந்து ஒரு காலணியும் வந்தது. கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாக, அடியில் குமிழ் குமிழாகப் பல் வைத்து, பால் வெட்டுகிறவர்களுக்கென்றே பிறந்தது மாதிரி ஒரு சப்பாத்து. இன்றைக்கு அதை 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகவும் பாசமாகவும் கூப்பிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வெள்ளி. மலை ஏறுகிறவர்கள், காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள் எல்லாம் ஆயிரம் வெள்ளிச் சப்பாத்தை வீட்டில் வைத்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டு அங்சி மலை ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் பக்கத்துக் கதை. காலைப் பெடலோடு பூட்டும் யோசனை பழையது, அமெரிக்காவில் சார்லஸ் ஹான்சன் 1895லேயே ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1971இல் இத்தாலியின் சினெல்லி செய்த எம்71 பெடலில் இருந்து விடுபடக் குனிந்து கையால் நெம்புகோலைத் தள்ள வேண்டும், அதற்கு மரணப் பெடல் என்றே பெயர் விழுந்தது. பிரான்சின் லுக் கம்பெனி பனிச்சறுக்குக் கவ்விகள் செய்தது. விழுந்தால் கால் முறியாமல் சறுக்குப் பலகை தானாகக் கழன்றுகொள்ளும் நுட்பம் அது. அதையே பெடலுக்குக் கொண்டு வந்தார்கள். 1985இல் பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றதும் கூண்டும் வாரும் காணாமல் போயின. இந்த வெற்றிக்குக் காரணம் பிடிப்பா, விடுவிப்பா என்று கேட்டால் நான் விடுவிப்பு என்றுதான் சொல்வேன். பிடிப்பு வாரிலேயே இருந்தது.

ஆனால் சாலைப் பெடலின் உலோகத் துண்டு காலணியின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும், வாத்து மாதிரிதான் நடக்க முடியும். 1990இல் ஜப்பானின் ஷிமானோ எஸ்பிடி என்ற முறையைக் கொண்டு வந்தது. இரண்டே திருகு, சின்ன உலோகத் துண்டு, அது காலணியின் அடிப்பகுதிக்குள் பள்ளத்தில் ஒளிந்துகொள்ளும். இறங்கித் தள்ளி நடக்கலாம். மலைச் சைக்கிளுக்கென்று வந்த கிளிப்லெஸ் அங்கேதான் தொடங்குகிறது. அதே ஷிமானோவுக்கு இன்று ஜொகூரின் பொந்தியானில் தொழிற்சாலை இருக்கிறது. கித்தா வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் யாராவது அங்கே ஷிஃப்டில் நிற்கலாம்.

சரி, இங்கே எதை மாட்டுவது? முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடலாம். கவ்விக்கொண்டால் காலை மேலே இழுத்துக் கூடுதல் பலம் எடுக்கலாம் என்று சொல்வார்கள். 2007இல் வந்த ஓர் ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தவர்கள் அதே வேகத்துக்குக் கூடுதல் சக்தியைத்தான் செலவழித்தார்கள். கிளிப்லெஸ்ஸின் உண்மையான லாபம் வேறு. கல்லும் வேருமான இறக்கத்தில் சைக்கிள் உதறும்போது கால் பெடலை விட்டுத் துள்ளாது. மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2017, 2018, 2019 மூன்று வருஷமும் எண்டுரோ உலகத் தொடரை ஃபிளாட் பெடலில்தான் வென்றார். ஆகவே ஃபிளாட் ஏழைகளின் பெடல், கிளிப்லெஸ் தெரிந்தவர்களின் பெடல் என்று கூட்டத்தில் யாராவது பேசினால் அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு நீங்கள் சும்மா இருங்கள்.

எங்கள் பாதைகளின் பிரச்சினை கல் இல்லை, களிமண். மழை பெய்த மறுநாள் செம்மண் பெடலின் கவ்விக்குள் போய் அடைத்துக்கொண்டால் எஸ்பிடி மாட்டவும் மாட்டாது, சில சமயம் விடவும் விடாது. முட்டை அடிக்கும் கருவி மாதிரி நாலு பக்கமும் திறந்திருக்கும் கிராங்க்பிரதர்ஸ் பெடலில் மண் தங்குவது குறைவு, எந்தப் பக்கம் மிதித்தாலும் மாட்டும். ஆனால் அதன் பித்தளைத் துண்டு நம் மணலில் சீக்கிரம் தேய்ந்துபோகும், ஸ்பிரிங்கைத் தளர்த்தவோ இறுக்கவோ வழியில்லை. ஷிமானோவில் 3 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் ஸ்பிரிங்கை எவ்வளவு வேண்டுமானாலும் தளர்த்திக்கொள்ளலாம். கூடவே 56 என்ற எண் கொண்ட துண்டைப் போட்டால் குதிகாலை வெளியே திருப்பினால் மட்டுமில்லாமல், பதற்றத்தில் வெடுக்கென்று மேலே இழுத்தாலும் கழன்றுகொள்ளும். பெட்டியோடு வரும் 51இல் அது கிடையாது. செம்பனைக் காட்டில் திருப்பத்தில் மாடு நிற்கும், பன்றி குறுக்கே ஓடும், வெட்டிப் போட்ட மட்டை முள்ளோடு பாதையில் கிடக்கும், கால்வாயின் மேல் ஒரே ஒரு பலகை இருக்கும். அங்கே குதிகாலைத் திருப்ப யோசிக்க நேரமில்லை.

அடிடாஸ் கம்போங்கோடு ஃபிளாட் பெடல் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. நடந்து தள்ள அதைவிட நல்ல சப்பாத்து இல்லை. ஆனால் அடி ரொம்ப மெல்லிசு, ஒரு மணி நேரத்தில் பெடலின் ஆணிகள் பாதத்தில் எண்ணிக்கை சொல்லும். என் தாத்தாவின் பெடலில் ஆணி இல்லை, ரப்பர் கட்டை இருந்தது.

நான் மாட்டியிருப்பது சுற்றிலும் தட்டு வைத்த எஸ்பிடி, 56 துண்டு, ஸ்பிரிங் கடைசி வரை தளர்த்தியது. கூட்டத்தில் மூன்று பேர் இன்னும் ஃபிளாட்தான். தோட்ட எல்லையில் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. எங்களைக் கண்டதும் காவலாளி எழுந்து வந்து கையைக் காட்டுவார். எல்லாரும் இறங்கி, நோட்டில் பேரும் ஐசி நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பிக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துக்கொண்டு போக வேண்டும். மேனேஜரின் வண்டி வந்தால் அவர் கம்பியைத் தூக்கிவிடுவார்.